முதல் வரைவில் ஒரு முகவரி

இந்த வாக்குமூலத்தை நானே என் கையால் எழுதித் தருகிறேன், இன்ஸ்பெக்டர். உங்கள் ரைட்டர் தங்கமான மனிதர், காலையில் எனக்கு இட்லி வாங்கித் தந்தார். ஆனால் நான் ஒரு வாக்கியம் சொன்னால் அவர் பேனாவிலிருந்து "மேற்படி நபர் மேற்படி இடத்தில்" என்று வேறொரு வாக்கியம் வருகிறது. இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளின் எழுத்தைத் திருத்திப் பிழைத்தவனால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. காவல் நிலையத்தில் கொடுக்கும் ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்பதும் எனக்குத் தெரியும். மாஜிஸ்திரேட் முன்பும் இதையே சொல்வேன்.

என் பெயர் காந்திமதிநாதன். தென்காசியில் ஒரு கலைக் கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஐந்தருவிப் பாறையிலிருந்து விழுந்து செத்த தாணு வழுக்கி விழவில்லை, தள்ளப்பட்டான் என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். தள்ளியது என் அண்ணன் மகன் ரவியும் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் என்பதும் சரி. ரவியின் தங்கை இராமலட்சுமி நாலு வருடம் முன்பு வீட்டை விட்டுப் போய்த் தாணுவைக் கட்டிக்கொண்டவள். அவர்கள் ஒளிந்திருந்த வீட்டை ரவிக்குக் காட்டிக் கொடுத்தது எங்கள் மாணவி சங்கரேஸ்வரி இணையத்தில் எழுதிய கட்டுரை என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி முடிவைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் எங்கள் இதழைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அதை "அந்தப் பத்திரிகை" என்று சொல்லும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது. "களக்குறிப்பு" மாணவர்களே ஆய்வு செய்து, எழுதி, திருத்தி, இணையத்தில் ஏற்றும் இதழ். ஏழு வருடம் முன்பு நான் தொடங்கியது. பிள்ளைகள் அதற்குச் "சாரல்" என்று பெயர் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். இந்த வட்டாரத்தில் லாட்ஜ், பேக்கரி, நைட்டிக் கடை எல்லாம் சாரல்தான். உங்களுக்கு அதைத் தாண்டி ஒரு சொல் தெரியாதா என்று கேட்டு, நானே பெயர் வைத்தேன்.

செய்து பார்த்தால்தான் படிப்பு வரும் என்பது என் கட்சி. பிரின்சிபாலுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. தரமதிப்பீட்டுக் குழு வரும்போது காட்ட ஏதாவது ஒன்று வேண்டுமே. பிள்ளைகள் செய்து பார்த்த லட்சணத்தை நான்தான் அனுபவித்தேன். முதல் இதழில் வார்ப்புருவோடு வந்த மாதிரி எழுத்தை அழிக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். "உங்கள் தலைப்பை இங்கே இடவும்" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை பதினோரு நாள் இருந்தது. ஒருத்தன் குறிச்சொற்கள் என்ற பெட்டியில் "தெரியாது" என்று போட்டிருந்தான். இன்னொருத்தி ஆதாரம் என்ற இடத்தில் தன் மாமாவின் போன் நம்பரைக் கொடுத்திருந்தாள். மூன்று வருடம் கல்லூரிக்கு வந்துபோன பிள்ளைகள் இவர்கள்.

அதனால்தான் வரைவுத் தடம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தேன். இது வேறு எந்தக் கல்லூரியிலும் கிடையாது, கவனமாகக் கேளுங்கள். மாணவர் எழுதும் முதல் வரைவு, நான் ஓரத்தில் எழுதும் திருத்தம், இரண்டாம் வரைவு, இறுதிப் படி, நாலும் தளத்திலேயே சேமிக்கப்படும். கட்டுரை வெளியாகும்போது பக்கத்தின் மேலே ஒரு பட்டனை அழுத்தினால் எல்லா வரைவையும் யாரும் படிக்கலாம். ஒரு பிள்ளை எங்கே தடுக்கி விழுந்தது, எப்படி எழுந்தது என்று உலகம் பார்க்கும். பிள்ளைகளுக்கு அது அவமானமாக இருந்தது. இருக்கட்டும் என்றேன். நாலு பேர் பார்க்க வெட்கப்பட்டவன்தான் அடுத்த தடவை ஒழுங்காக எழுதுவான்.

சங்கரேஸ்வரி வடகரைக்காரி. அப்பா மணிமுத்து ராணுவத்தில், ராஜஸ்தான் பக்கம் எங்கோ இருக்கிறார். கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் சொன்னதைச் செய்கிற பெண். "சீசன் முடிந்த பிறகு" என்று ஒரு கட்டுரை எடுத்திருந்தாள். ஐந்தருவியில் சிப்ஸ் கடையும் பழக்கடையும் போடும் பெண்கள், சீசன் மூன்று மாதம் போக மீதி ஒன்பது மாதம் என்ன செய்து சாப்பிடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. நல்ல கேள்விதான். நான் கொடுத்த கேள்வி. ஒன்பது பெண்களைப் பார்த்துப் பேசினாள்.

களஆய்வில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரையில் யாருடைய உண்மைப் பெயரும் வராது. தகவலாளி ஒன்று, தகவலாளி இரண்டு என்று எண்தான் போகும். எந்த எண் யார் என்பதைத் தனித்தாளில் எழுதி, உறையில் ஒட்டி, வழிகாட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். சாவித்தாள் என்போம். பிள்ளைகள் கட்டுக்கதை விடுகிறார்களா என்று சரிபார்க்க அது வேண்டும். சங்கரேஸ்வரி உறையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"சார், இதுல ஏழாம் நம்பர் அக்கா ரொம்பப் பயந்து பயந்துதான் சொன்னாங்க. வீட்டுல தேடுதாங்களாம். உங்களத் தவிர யாருக்கும் காட்டப்படாது சார்."

"விதி எழுதினவனே நான்தாம்மா," என்றேன்.

அவள் போனபின் உறையைப் பிரித்தேன். தகவலாளி ஏழு: இராமலட்சுமி, இருபத்தாறு வயது, கணவர் தாணு, லோடு ஆட்டோ ஓட்டுகிறார், சீசனில் சிப்ஸ் கடை, மற்ற மாதங்களில் வீட்டில் தையல், மேலகரம் நூலகத்துக்கு எதிர்ச்சந்து. நாங்கள் திருப்பூர், கோயம்புத்தூர், ஓசூர் வரை ஆள் விட்டுத் தேடியிருந்தோம். அவள் கொஞ்ச நாள் புனலூரில் இருந்துவிட்டு, நான் தினமும் குற்றாலம் பஸ்ஸில் கடந்துபோகும் மேலகரத்துக்கே வந்து குடியிருந்திருக்கிறாள்.

பேட்டியின் ஒலிப்பதிவும் எனக்கு வந்திருந்தது. கேட்டேன். அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. தையல் கூலி, மழை நாளில் சவாரி இல்லாமல் ஆட்டோ சும்மா நிற்பது எல்லாம் சொல்லிவிட்டு, நடுவில் சிரித்துக்கொண்டே இப்படிச் சொல்கிறாள்: "எங்க சித்தப்பா ஒருத்தரு இங்கனதான் காலேஜுல வாத்தியாரா இருக்காரு. பஸ்ஸுல போகும்போது பாப்பேன். அவரு என்னயக் கண்டாக்கூடக் காட்டிக்கொடுக்க மாட்டாரு. படிச்சவருல்லா."

சங்கரேஸ்வரி எந்தக் கல்லூரி என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பின்தொடர் கேள்வி இல்லை என்று அவளுடைய மதிப்பெண் தாளில் குறித்து வைத்தேன். அந்தப் பகுதி கட்டுரைப் பொருளுக்குச் சம்பந்தமில்லாதது என்பதால் எடுத்துவிடச் சொன்னேன்.

என் அண்ணன் சிவசைலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அப்பா போனபின் என்னைப் படிக்கவைத்தது அவர். ஊர்க் கோயிலில் திருவிழாவுக்கு எங்கள் குடும்பத்துக்குத்தான் பரிவட்டம் கட்டுவார்கள். இராமலட்சுமி வீட்டை விட்டுப் போனதிலிருந்து அண்ணன் கோயில் வாசலை மிதிக்கவில்லை. "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுலே தலைய நீட்ட?" என்று என்னிடம் கேட்டார். அதைக் கேட்டு எனக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. தாணு நம்ம ஆளில்லை என்பது எனக்கு ஒரு பொருட்டே கிடையாது. சாதிமறுப்பு மணம் பற்றி வருடாவருடம் வகுப்பெடுக்கிறேன், அதில் நன்றாக எழுதும் பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண் போடுகிறேன். ஒரு வார்த்தை கேட்காமல் போனாளே என்பதுதான். என்னிடம் கேட்டிருந்தால் யோசித்துச் சொல்லியிருப்பேன்.

கட்டுரை கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை வெளியானது. இறுதிப் படியில் தகவலாளி ஏழு என்றுதான் இருந்தது. முதல் வரைவில் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, தெரு இருந்தது. பக்கத்தில் என் திருத்தக் குறிப்பும் இருந்தது: "உண்மைப் பெயரை இப்படி எழுதலாமா? உடனே நீக்கவும்." நீங்கள் அச்செடுத்து வைத்திருக்கும் தாளில் பார்க்கலாம்.

ஒவ்வொரு இதழ் வந்ததும் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் இணைப்பைப் போடுவேன். ஏழு வருடத்தில் ஒரு ஜீவன் திறந்து பார்த்ததில்லை. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூவுக்கு முப்பது பேர் கைகூப்புவார்கள், பிள்ளைகளின் ஆய்வுக்கு ஒருத்தர் கிடையாது. இந்தத் தடவை ரவிக்குத் தனியாகவும் அனுப்பினேன். "நம்ம பக்கத்தைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை. முதல் வரைவைத் தவறாமல் படி" என்று எழுதினேன். பத்தாம் வகுப்போடு புத்தகத்தைக் கட்டிவைத்த பையன், அவனுக்கு வரைவு என்றால் என்னவென்றே தெரியாது. போன் போட்டு, எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் சங்கரேஸ்வரி கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"சார், வரைவுப் பக்கத்துல அந்த அக்கா பேரு கெடக்கு சார். வீடுகூடப் போட்டிருக்கு. எடுத்துருங்க சார், இப்பவே எடுத்துருங்க."

"நீ எழுதியதுதானேம்மா?"

"நான் நம்பர்தான் சார் போட்டேன். நம்பர்தான் போட்டேன்னு நெனைக்கேன்."

நினைக்கிறேன் என்றாள் பாருங்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் எழுத்தின் மேலேயே பிடிமானம் கிடையாது. முதல் வரைவில் என்ன தட்டினோம் என்று யாருக்கும் நினைவிருக்காது என்று பொறுமையாக விளக்கினேன். வெளியான பக்கத்தில் மாற்றம் வேண்டுமென்றால் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்க வேண்டும், ஆசிரியர் குழு திங்கட்கிழமை கூடும், அதில் வைப்போம் என்றேன். விதி அதுதான். நான் எழுதிய விதி.

"திங்கக்கெழம வரைக்குமா சார்? அந்த அக்காவக் கொன்னுருவாங்க சார்," என்றாள்.

"ஏம்மா, நம்ம இதழை யார் படிக்கிறார்கள்?" என்றேன்.

வியாழக்கிழமை காலை கடிதத்தோடு வந்தாள். தேதி, பொருள், இப்படிக்கு, எல்லாம் ஒழுங்காக இருந்தது. மூன்று வருடத்தில் அவள் எழுதியதிலேயே அதுதான் குறையில்லாத எழுத்து, இத்துடன் இணைத்திருக்கிறேன். அன்றே மேலகரத்துக்குப் போய் அந்த வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறாள், பூட்டியிருந்ததாம். இரண்டு பேரும் தாணுவின் அக்கா வீட்டுக்குச் சிவகிரி போயிருந்தார்கள். வெள்ளிக்கிழமை திரும்பினார்கள். சனிக்கிழமை மத்தியானம், ஐந்தருவியில் சீசன் கடைச் சாமான் ஏற்ற வேண்டும் என்று சொல்லி ஆட்டோவுக்கு ஆள் வந்தது. மலையில் மழை, குளிக்கத் தடை, கடையெல்லாம் சாத்திக் கிடந்தது. மற்றதை நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். திங்கட்கிழமை ஆசிரியர் குழு கூடி, சங்கரேஸ்வரியின் விண்ணப்பத்தை ஒருமனதாக ஏற்றது. பெயரை நானே நீக்கினேன்.

ரவி செய்த வேலையைப் பற்றி எனக்கு ஒரு மரியாதையும் கிடையாது. மூன்று தடியன்கள் போய் ஒருத்தனை முடித்துவிட்டு, அந்த இணைப்பைப் போனிலேயே திறந்து வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். உங்கள் ஆட்களுக்குத் துப்புத் துலக்க வேண்டிய சிரமமே இல்லாமல் போயிற்று. அதைப் பார்த்துவிட்டு நேராக வடகரைக்கு ஜீப்பை விட்டீர்கள். கட்டுரையின் மேலே யார் பெயர் இருக்கிறதோ அவள்தான் எழுதியிருப்பாள் என்பது உங்கள் துப்பறிவு.

மூன்று நாள் அவளை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னீர்கள். அவள் அம்மா வடிவம்மாள் கூடவே வந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். அப்புறம் என்னைத் தேடிக் கல்லூரிக்கும் வந்தாள்.

"சார், எம்புள்ள ஒருவாய் சோறு திங்க மாட்டேங்கா. என்னத்தையோ எழுதிட்டாளாம்லா, ஊரே காட்டிக் கொடுத்தவன்னு சொல்லுது. அவ தெரியாமச் செஞ்சதுன்னு ஒரு வார்த்த போலீசுல நீங்க சொல்லுங்க சார். அவுக அப்பாவுக்கு இன்னும் சொல்லல."

சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன். "தெரியாமல் செய்திருப்பாள், சின்னப்பெண்" என்று உங்களிடம் சொன்னது நான்தான். நீங்கள்கூட என் பெருந்தன்மையைப் பாராட்டினீர்கள்.

இராமலட்சுமி இப்போது திருநெல்வேலியில் அரசு காப்பகத்தில் இருக்கிறாள். அங்கே போகும் முன் வடகரைக்கு ஒரு தடவை போயிருக்கிறாள். சங்கரேஸ்வரி வீட்டு வாசலில் நின்று, "உன்னய நம்பித்தானட்டி வாயத் தொறந்தேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாளாம். சத்தம்கூடப் போடவில்லையாம். அன்றைக்கு மறுநாள் சங்கரேஸ்வரி என் அறைக்கு வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், நான் நம்பர்தான் எழுதுனேன்னு நெனச்சிட்டு இருந்தேன். யோசிச்சு யோசிச்சுப் பாத்தா, நான்தான் எழுதிருக்கேன் சார். அந்த நீலக் கதவு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான்தான சார் அந்த அண்ணனக் கொன்னேன்?"

ஆராய்ச்சியில் தவறு நடக்கும், அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு கல்லூரிக்கு வரவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரவி வீட்டைத் தெரிந்துகொண்டால் என்ன செய்வான் என்று நினைத்தீர்கள் என்று போன வாரம் என்னைக் கேட்டீர்கள். பேசித் தீர்ப்பார்கள் என்று நினைத்தேன் என்றேன். அது பொய். போன பொங்கலுக்கு அண்ணன் வீட்டில் எனக்கு அடுத்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவன் அவன். "எடம் மட்டும் தெரியட்டும் சித்தப்பா, அவன முடிச்சிட்டு மறுவேல," என்றான். ரசத்துக்குச் சோறு போடச் சொல்லு என்றேன். அவன் செய்வான் என்று எனக்குத் தெரியும். இடத்தை என் வாயால் சொல்ல மட்டும் எனக்கு மனம் வரவில்லை. நான் அப்படிப்பட்ட ஆளில்லை. வெளியான தகவலைப் படித்து ஒருத்தன் தெரிந்துகொள்வது வேறு.

நேற்று நீங்கள் அந்த அச்சுத் தாளை மேஜையில் விரித்து, சப்இன்ஸ்பெக்டரிடம் வாசித்துக் காட்டினீர்கள். "மேலகரம் நூலகத்துக்கு எதிர்ச்சந்தில் இடப்பக்கம் மூன்றாவது, நீலக் கதவு போட்ட ஓட்டு வீட்டில், தையல் மிஷின் சத்தம் தெருவுக்குக் கேட்க, தகவலாளி இராமலட்சுமி தன் கணவர் தாணுவோடு வசிக்கிறார்." வாசித்துவிட்டு, "புள்ள எம்புட்டு அழகா எழுதியிருக்கு பாருய்யா, கண்ணக் கட்டி விட்டாலும் போயிரலாம்," என்றீர்கள். அந்த நிமிஷம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

சங்கரேஸ்வரியால் அப்படி ஒரு வாக்கியம் எழுத முடியாது. அவளுக்கு ஒரு வீட்டுக்கு வழி சொல்ல மூன்று பத்தி வேண்டும், அதிலும் ஆள் பாதி வழியில் நின்றுவிடுவான். அவளுடைய முதல் வரைவில் தகவலாளி ஏழு என்று எண்தான் இருந்தது. அவள் சொன்னது சரி. கட்டுரை வெளியாவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை மதியம் மேலகரத்தில் இறங்கி, சந்துக்குள் ஒருதடவை நடந்து, கதவின் நிறத்தைப் பார்த்து வந்தேன். வந்து, துறை அறையில் உட்கார்ந்து, ஆசிரியர் கடவுச்சொல்லில் நுழைந்து, அவளுடைய வரைவைத் திறந்து, அந்த வரியை எழுதினேன். பிறகு ஓரத்தில் அவளைக் கண்டித்து ஒரு திருத்தமும் எழுதினேன். தளத்தை நடத்தும் கம்பெனிக்காரர்களிடம் கேட்டால் நேரத்தோடு தருவார்கள், ஆனால் உங்களுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

ஆகவே குற்றப்பத்திரிகையில் திருத்திக்கொள்ளுங்கள். அந்த வரி முழுவதும் என்னுடையது, அதில் அவளுக்கு ஒரு பங்கும் இல்லை. வடகரைக்கு ஆள் அனுப்பி அந்தப் பெண்ணிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். தான் எழுதாத எழுத்துக்கு ஒரு மாணவி பேர் வாங்கிக்கொண்டு போவதை என் பணிக்காலத்தில் நான் ஒருநாளும் அனுமதித்ததில்லை.